ஃப்ரீன்னா இலவசம்னு யாருங்க சொன்னது?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து படிங்க. திட்டறதா இருந்தா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க, சந்தோஷமா வாங்கிக்கறேன்.

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் லினக்ஸ் பத்தி ஒரு பதிவு போட்டிருந்தார். நல்ல உழைப்பு. ஆனா வரிக்கு வரி 'இலவச மென்பொருள்', 'இலவச மென்பொருள் இயக்கம்', போதாததுக்கு 'இலவச மென்பொருளின் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன்'. பின்னூட்டத்துல போய் 'அது இலவசம் இல்லீங்க, கட்டற்ற மென்பொருள்'னு சொன்னேன். 'ரெண்டும் ஒண்ணுதானே தல, மக்களுக்குப் புரியற மாதிரி எழுதினா என்ன தப்பு?'ன்னு பதில் வந்துச்சு, ஸ்மைலியோட.

ரெண்டும் ஒண்ணு இல்ல மக்களே. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. தனிப்பட்ட தாக்குதல் எதுவும் இல்ல, உள்குத்தும் இல்ல. நாளிதழ்லேர்ந்து நம்ம பதிவுகள் வரைக்கும் எல்லாரும் செய்யற வேலை இது. அதனால எல்லாருக்கும் சேர்த்துத்தான் குத்து.

முதல்ல அந்த நாலெழுத்து ஆங்கில வார்த்தையைப் பார்ப்போம்.

டேமேஜர் வந்து 'ஆர் யூ ஃப்ரீ?'ன்னு கேட்டா, வேலை இல்லாம இருக்கியான்னு அர்த்தம். (சம்பளத்தைப் பார்த்தா வேற அர்த்தமும் பொருந்தும், அது தனிக்கதை.) 'திஸ் சீட் ஈஸ் ஃப்ரீ'ன்னா காலியா இருக்கு. 'ஃபீல் ஃப்ரீ'ன்னா தயங்காதேன்னு அர்த்தம். 'ஃப்ரீயா பேசுவாரு'ன்னா தாராளமா பேசுவார். சுகர் ஃப்ரீ பிஸ்கெட் பாக்கெட்டைப் பார்த்துட்டு 'சர்க்கரை இலவசமா?'ன்னு யாரும் கேக்கறதில்ல. அங்க ஃப்ரீன்னா இல்லாதது. ஏர்போர்ட்ல டியூட்டி ஃப்ரீ கடையில வரிதான் கிடையாது, பொருளைச் சும்மா தூக்கிட்டு வந்தா போலீஸ் வரும். கிரிக்கெட்ல நோ பாலுக்கு அடுத்து ஃப்ரீ ஹிட் குடுக்கறாங்களே, ரன் அவுட் மாதிரி ஒண்ணு ரெண்டைத் தவிர மத்தபடி அவுட் ஆகற பயத்துலேர்ந்து பேட்ஸ்மேனுக்கு அந்த ஒரு பந்து விடுதலை.

ஃப்ரீலான்சர்னு ஒருத்தர் இருக்கார். 1819 கடைசியில வந்த வால்டர் ஸ்காட்டோட 'ஐவன்ஹோ' நாவல்ல வர்ற சொல். லான்ஸ்னா ஈட்டி. எந்தப் பிரபுவுக்கும் நிரந்தரமா கட்டுப்படாம, கூலிக்குச் சண்டை போடற வீரனோட ஈட்டி. கவனிங்க, கூலிக்கு! ஈட்டி கட்டற்றது, இலவசம் கிடையாது. இன்னிக்கும் ஃப்ரீலான்சர்கிட்ட ஓசியில வேலை வாங்கலாம்னு நினைக்கற கிளையண்டுகள் இந்த வரலாறைப் படிக்கறது நல்லது.

நம்ம பொட்டி தட்டற உலகத்துல இன்னொண்ணு இருக்கு. சி மொழியில மெமரி கேட்டு வாங்கற ஃபங்ஷனுக்கு மாலாக்னு பேரு, வாங்கினதைத் திருப்பி விடற ஃபங்ஷனுக்கு ஃப்ரீன்னு பேரு. ஒரே இடத்தை ரெண்டு தடவை விட்டா அது 'டபுள் ஃப்ரீ'. தி.நகர் ஜவுளிக்கடையில டபுள் ஃப்ரீன்னு போர்டு வெச்சா கூட்டம் அள்ளும். நம்ம புரோகிராம்ல டபுள் ஃப்ரீ வந்தா புரோகிராம் படுத்துடும் :-)

இத்தனை அர்த்தத்துல 'காசு வேண்டாம்'ங்கறது ஒண்ணே ஒண்ணு. அதுவும் தனி அர்த்தம் இல்ல. 'ஃப்ரீ ஆஃப் காஸ்ட்', அதாவது செலவு இல்லாததுங்கற தொடர் தேய்ஞ்சு வந்தது. சுகர் ஃப்ரீயில சர்க்கரை இல்லாத மாதிரி இங்க காசு இல்ல, அவ்வளவுதான். வார்த்தையோட வேர் எங்க இருக்குன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். ஃப்ரீயும் ஃப்ரெண்டும் ஒரே வேர்ச்சொல்லோட பிள்ளைகள். சமஸ்கிருதத்துல 'ப்ரிய', அதுலேர்ந்து நம்மகிட்ட வந்த 'பிரியம்' எல்லாம் அதே குடும்பம். ஒரு வீட்டுல ரெண்டு வகை ஆட்கள் இருந்தாங்க. அடிமைகள் ஒரு பக்கம், வீட்டாரோட பிரியத்துக்குரிய சொந்தங்கள் இன்னொரு பக்கம். பிரியத்துக்குரியவன் அடிமை இல்லாதவன், அடிமை இல்லாதவன் ஃப்ரீ. பிரியமானதுக்கு ஆங்கிலத்துல 'டியர்'னு ஒரு சொல் இருக்கு, அதுக்கு விலை அதிகம்னும் அர்த்தம் உண்டு! கொள்ளுத்தாத்தா காலத்துல 'பிரியமானது'ன்னு இருந்த சொல்லை நாம 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு' போர்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கோம்.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

1983 செப்டம்பர்ல ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவிச்சார். அவர் சொன்ன ஃப்ரீ, விலையைப் பத்தினது இல்ல. நாலு உரிமைகளைப் பத்தினது. எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தற உரிமை, உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்து மாத்தற உரிமை, அடுத்தவனுக்கு நகல் குடுக்கற உரிமை, மாத்தினதைப் பகிர்ந்துக்கற உரிமை. பொட்டி தட்டறவர் இல்லையா, அதனால ஒண்ணுலேர்ந்து இல்லாம பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவார். இந்த நாலுல ஒண்ணுலயாவது காசுங்கற பேச்சு இருக்கா? இல்ல. அவரே 1985ல ஈமேக்ஸ் எடிட்டரை டேப்ல போட்டு 150 டாலருக்கு வித்தார். 'இலவச மென்பொருளின் தந்தை' 150 டாலர் வாங்கினார்னு எழுதினா படிக்கறவன் என்ன நினைப்பான்? ஊழல்னுதானே?

இதே கட்டற்ற மென்பொருளை வெச்சுத் தொழில் பண்ணின ரெட் ஹேட் கம்பெனியை 2019ல ஐபிஎம் வாங்கினது 3,400 கோடி டாலருக்கு. ரூபாய் இல்லீங்க, டாலர். 'இலவச மென்பொருள் கம்பெனி 3,400 கோடி டாலருக்கு விற்பனை'ன்னு தலைப்பு வெச்சுப் பாருங்க, எவ்வளவு காமெடியா இருக்கு.

இப்ப எதிர்ப்பக்கம். வாட்ஸப் காசு கேக்கறதில்ல. உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க முடியுமா? மாத்த முடியுமா? பிடிக்கலைன்னா நம்ம ஊர்ல ஒரு வாட்ஸப் சர்வரை நாமளே போட்டுக்க முடியுமா? முடியாது. அது இலவசம், ஆனா கட்டற்றது கிடையாது. விலை இருக்கா இல்லையாங்கறது ஒரு கேள்வி. விடுதலை இருக்கா இல்லையாங்கறது வேற கேள்வி. ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டுக் குலுக்கினா ரெண்டும் கெடும்.

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இதைப் புரியவைக்க லினக்ஸே தேவையில்ல. பாரதியார் போதும். புத்தகக் கடைக்குப் போய் பாரதியார் கவிதைகள் வாங்கினா காசு குடுத்துத்தான் ஆகணும். ஆனா அந்தப் பாட்டை நீங்க பாடலாம், மெட்டுப் போடலாம், படத்துல வைக்கலாம், நாளைக்கு நீங்களே அச்சடிச்சு விக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம். தனியார் கையில இருந்த உரிமை 1949ல சென்னை மாகாண அரசுகிட்ட வந்து, அப்புறம் பொதுவுக்குத் திறந்து விடப்பட்டது. விலை உண்டு, விடுதலையும் உண்டு. இதுக்கு நேரெதிர் நம்ம பஸ் ஸ்டாண்ட்ல கிடைக்கிற விளம்பர நோட்டீஸ். விலை கிடையாது, அதை வெச்சு நீங்க ஒண்ணும் பண்ணவும் முடியாது, வடை மடிக்கறதைத் தவிர.

இதுல எனக்கு ஆத்திரம் எங்க வருதுன்னா, இந்தக் குழப்பம் ஆங்கிலத்தோட குறை. அவங்ககிட்ட ரெண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால 'சுதந்திரப் பேச்சுல வர்ற ஃப்ரீ, ஓசி பீர்ல வர்ற ஃப்ரீ இல்ல'ன்னு நாப்பது வருஷமா விளக்கம் சொல்லிச் சொல்லி அவங்களுக்குத் தொண்டை வத்திப் போச்சு. 1998ல ஒரு கூட்டம் இந்தச் சொல்லே வேண்டாம்னு 'ஓப்பன் சோர்ஸ்'ன்னு புதுப் பேர் வெச்சுக்கிட்டாங்க. இன்னும் சிலர் பிரெஞ்சு, ஸ்பானிஷ் பக்கம் போய் 'லிப்ரே'ங்கற சொல்லைக் கடன் வாங்கினாங்க. 2010ல வந்த லிப்ரே ஆஃபீஸ் பேர்ல இருக்கறது அதுதான்.

அவங்க கடன் வாங்கறாங்க. நம்மகிட்ட ரெண்டு சொல்லும் சொந்தமா பெட்டியில இருக்கு. இலவசம்னு ஒண்ணு, கட்டற்றதுன்னு ஒண்ணு. தமிழ் விக்கிப்பீடியாக்காரங்க அழகா 'கட்டற்ற கலைக்களஞ்சியம்'னு போட்டாங்க, 'இலவச கலைக்களஞ்சியம்'னு போடல. அந்த ஒரு சொல்லுக்காகவே அவங்களுக்கு ஒரு பெரிய ஓ போடலாம். ரெண்டு சொல் இருக்கற மொழியில உக்காந்துக்கிட்டு, ஒரு சொல்லே இருக்கற மொழியோட குழப்பத்தை இறக்குமதி பண்றோம். அதுவும் வரி கட்டி :-(

'மக்களுக்குப் புரியாது'ன்னு சொல்றவங்களுக்கு: கட்டுன்னா தெரியும், அறுத்துக்கிட்டுப் போன மாடுன்னா தெரியும். கட்டற்றதுன்னா தெரியாதா? பதிவர், பின்னூட்டம், வலைப்பதிவுன்னு நாம எழுத ஆரம்பிச்சப்ப மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சுதா? எழுத எழுதப் புரிஞ்சுது.

'தமிழ்லயும் சும்மான்னு ஒரு சொல் இருக்கே, சும்மா குடுத்தான்னா காசில்லாம, சும்மா இருக்கேன்னா வேலையில்லாம, அதுவும் குழப்பம்தானே?'ன்னு ஒரு புத்திசாலி கேப்பார். நல்ல கேள்வி. ஆனா சும்மாவுக்கு எத்தனை அர்த்தம் இருந்தாலும், அடிமை இல்லாதவன்ங்கற அர்த்தம் அதுக்குக் கிடையாது. 'சும்மா நாடு'ன்னு யாரும் சொன்னதில்ல. விடுதலைக்குன்னு தனியா சொல் வெச்சிருந்தோம்.

அடுத்து முக்கியமான எதிர்வாதம். 'அப்ப இலவசம்னா கேவலமா?' இல்லவே இல்ல. இலவசத்தைக் கிண்டல் பண்றவங்க கோஷ்டியில என்னைச் சேக்காதீங்க. +2 படிக்கும்போது எனக்கும் அரசாங்க மடிக்கணினி கிடைச்சுது. என் முதல் புரோகிராமை அதுலதான் எழுதினேன். எங்க வீட்டுல அதை விலை குடுத்து வாங்கியிருக்க முடியாது. இன்னிக்கு இந்தப் பதிவை உக்காந்து எழுதறேன்னா அதுக்கு அந்த மடிக்கணினியும் ஒரு காரணம். அரசாங்கம்கூட அதை 'இலவசம்'னு சொல்லல. 2011லேர்ந்து 'விலையில்லா'ன்னுதான் அச்சடிச்சாங்க. விலை கிடையாதுன்னும் படிக்கலாம், விலைமதிப்பே இல்லாததுன்னும் படிக்கலாம். அரசியல் தந்திரம்னு சிரிச்சாலும், சொல்லுக்கு எவ்வளவு பலம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அந்த மடிக்கணினிக்குள்ளயே நான் சொல்ற ரெண்டும் இருந்துச்சு. பூட் பண்ணும்போது விண்டோஸ் வேணுமா, சி-டாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸ் வேணுமான்னு கேக்கும். எனக்கு ரெண்டுமே காசில்லாம வந்துச்சு. ஆனா ஒண்ணைத் திறந்து பார்க்கலாம், இன்னொண்ணைத் திறக்கக் கூடாது. எங்க கிளாஸ்ல எல்லாரும் விண்டோஸ்தான். காரணம் ரொம்ப சிம்பிள். 'ரெண்டும் ஃப்ரீதானே'ன்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. வித்தியாசத்தைச் சொல்ல எங்க வாத்தியார்கிட்ட ஒரு தமிழ்ச் சொல் இருக்கல.

2021 மே மாசம் பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாதுன்னு ஆச்சு. சீட்டுல அடிச்சிருந்தது 'கட்டணமில்லா'. மேடையில பேசறவங்க சொன்னது 'இலவசம்'. 2022ல ஒரு அமைச்சர் வாயிலேர்ந்து வந்தது 'ஓசி'. பஸ் ஒண்ணு, சீட்டு ஒண்ணு, சொல் மூணு. மூணாவது சொல்லுக்கு எவ்வளவு சண்டை வந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெறும் சொல்தானேன்னு அன்னிக்கு யாராவது விட்டாங்களா? அந்த பஸ்ல காசில்லாததே விடுதலை ஆச்சுங்கறதையும் நான் ஒத்துக்கறேன். வீட்டுல பத்து ரூபா கேட்டு நிக்காம வெளிய போக முடியறது சின்ன விஷயமா? விலை போனதால கட்டு அறுந்த இடம் அது. ஆனா எல்லா இடத்துலயும் அப்படி நடக்காது. நடக்காத இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு சொல் வேணும்.

நடக்காத இடத்துக்கு உதாரணம், 2015. ஃபேஸ்புக் இந்தியாவுல 'ஃப்ரீ பேசிக்ஸ்'னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. டேட்டாவுக்குக் காசு வேண்டாம், ஆனா அவங்க சேர்த்துக்கிட்ட தளங்களை மட்டும்தான் பார்க்கலாம். டிசம்பர்ல முழுப்பக்க விளம்பரம், எங்க பார்த்தாலும். அதுல இருந்த ஃப்ரீ எந்த ஃப்ரீ? காசு பக்கத்துல ஃப்ரீ, கதவு பக்கத்துல பூட்டு. பேர்லயே ரெண்டு அர்த்தத்தையும் கலந்து விட்டு, எதிர்க்கறவன் ஏழைக்கு எதிரின்னு ஒரு தோற்றம் உண்டாக்கினாங்க. நல்லவேளை, 2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய் அந்த மாதிரி பாரபட்சக் கட்டணத்தையே தடை பண்ணிடுச்சு. ஒரு சொல்லோட ரெண்டு அர்த்தத்துக்கு நடுவுல ஒரு நாட்டோட இணையமே போய் மாட்டியிருக்கும்.

தொழில்லயும் இதே கதை. பக்கத்து டீம்ல ஒருத்தர் 'ஃப்ரீ லைப்ரரிதானே'ன்னு ஒண்ணை எடுத்து கிளையண்டுக்குக் குடுக்கற புராடக்ட்ல சேர்த்துட்டார். அது ஜிபிஎல் உரிமத்துல வந்தது. காசு தர வேண்டாம்தான், ஆனா அதைச் சேர்த்து வெளிய குடுத்தா உன் மூல நிரலையும் அதே உரிமத்துல குடுக்கணும். வக்கீல்கள் கண்ணுல பட்டதும் ரெண்டு வாரம் ராப்பகலா உக்காந்து அதைப் பிடுங்கி எடுத்தாங்க. இலவசம்னு படிச்சா பரிசு மாதிரி தெரியும். கட்டற்றதுன்னு படிச்சிருந்தா, 'அந்த விடுதலையை அடுத்தவனுக்கும் குடுக்கணும்'ங்கறது உடனே உறைச்சிருக்கும்.

கடைசியா நம்ம விஷயம். இந்தப் பதிவை எழுத வெச்சதே இதுதான்.

தமிழ் இணையத்தோட ஆரம்பகால எழுத்தெல்லாம் எங்க இருந்துச்சு? அகத்தியர், ராயர் காப்பி கிளப், மரத்தடி எல்லாம் யாஹூ குழுமங்கள். 'ஃப்ரீ' சேவை. பெரியவங்க வருஷக்கணக்கா அங்க எழுதினாங்க, சண்டை போட்டாங்க, கதை எழுதப் பழகினாங்க. 2019 அக்டோபர்ல யாஹூ ஒரு அறிவிப்பு விட்டுச்சு, பழைய மடல்களையெல்லாம் நீக்கப் போறோம்னு. 2020 டிசம்பர்ல கடையையே இழுத்து மூடிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2009ல ஜியோசிட்டீஸ். 2013 ஜூலைல கூகிள் ரீடர். 2014ல ஆர்க்குட். போன இடத்துல புல் முளைச்சாச்சு. சிலர் முன்யோசனையா நகல் எடுத்து வெச்சதால கொஞ்சம் தப்பிச்சது. மீதி போனது போனதுதான். அந்தக் காலத்து இழைகளைப் படிக்கணும்னு ஆசைப்பட்டு பழைய சுட்டிகளைத் தட்டித் தட்டி நான் பார்த்ததெல்லாம் பக்கம் இல்லைங்கற பக்கத்தைத்தான்.

யாஹூ மேல கோபப்பட எனக்கு உரிமை இல்ல. இலவசமா குடுத்தான், இலவசமா எடுத்துக்கிட்டான். நாம காசு குடுக்கல, அவன் வாக்குக் குடுக்கல. தப்பு எங்கன்னா, 'ஃப்ரீயா எழுதலாம்'னு கேட்டதும் நாம எல்லாரும் ரெண்டு ஃப்ரீயும் சேர்ந்து கிடைச்ச மாதிரி நினைச்சுக்கிட்டதுல. வாடகை கேக்கலைங்கறதுக்காக வீடு நம்மளுது ஆயிடுமா? பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்க்க வேண்டாமா?

அதனால மக்களே, மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, காசில்லாததை இலவசம்னு எழுதுங்க. கட்டில்லாததைக் கட்டற்றதுன்னு எழுதுங்க. ரெண்டும் இருந்தா ரெண்டையும் எழுதுங்க, தட்டச்சு பண்றதுக்கு யாரும் காசு கேக்கல.

ரெண்டு, உங்க பதிவு எந்த இலவச இடத்துல இருந்தாலும் இன்னிக்கே ஒரு நகல் எடுங்க. ப்ளாக்கர்ல செட்டிங்ஸ்ல போனா மொத்தப் பதிவையும் இறக்கிக்கற வசதி இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. பத்து வருஷ எழுத்துக்கு அஞ்சு நிமிஷம் அதிகமில்ல.

மூணு, உங்க எழுத்து உங்களுக்கப்புறமும் இருக்கணும்னா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒண்ணு போட்டு வைங்க. யார் வேணா நகல் எடுக்கலாம்னு இருக்கற எழுத்தை எந்தக் கம்பெனி மூடினாலும் அழிக்க முடியாது. எங்கயாவது ஒரு நகல் பிழைச்சுக் கிடக்கும். 2013லேர்ந்து கட்டற்ற தமிழ் மின்னூல்களை வெளியிடறவங்க இதைத்தான் கத்திக்கிட்டிருக்காங்க.

இந்தப் பதிவும் அப்படித்தான். எடுத்துப் போடுங்க, வெட்டுங்க, ஒட்டுங்க, திருத்துங்க, வித்தாலும் வித்துக்கோங்க (வாங்க ஆள் கிடைச்சா). என் பேரைப் போட்டு, இதே உரிமையை அடுத்தவங்களுக்கும் குடுத்தா போதும்.

பி.கு: 'ஃப்ரீ வெர்ஸ்' அதாவது புதுக்கவிதையைப் பத்தி ஏன் எழுதலன்னு கவிஞர்கள் கோவிச்சுக்க வேண்டாம். அதுவும் கட்டற்றதுதான். இலவசமாத்தான் கிடைக்குதுங்கறது வேற விஷயம் :-) கும்மறவங்க கும்மலாம்.